கடல் பக்கம் ஒரு வழி, தரைப் பக்கம் ஒரு வழி

காலி வீதியில் வெள்ளவத்தை நெருங்கியதும் த்ரீவீல் ஓட்டுநர் தலையைத் திருப்பாமலே ஒரு கேள்வி கேட்பார்: "முஹுது பெத்தத, கொட பெத்தத?" கடல் பக்கமா, தரைப் பக்கமா என்று பொருள். நம் ஊர் ஆட்டோவுக்கு இங்கே த்ரீவீல் என்று பெயர். காலி வீதி கடலுக்கு இணையாக நீண்டு கிடக்கிறது. அதிலிருந்து பிரியும் ஒழுங்கைகள் என்ற சந்துகள் ஒன்று கடலில் முடியும், இல்லையென்றால் ஊருக்குள் போகும். இடது, வலது என்ற பேச்சே கிடையாது. நான் வந்த நான்காம் நாள் மாலை, கோட்டைப் பகுதியிலிருந்து திரும்பும்போது, காலையில் போகும்போது கடல் எந்தக் கைப்பக்கம் இருந்ததோ அந்த நினைப்பில் "லெஃப்ட்" என்றேன். அவரும் நான் சொன்னபடி திருப்பினார். என் வீட்டு எண்ணைத் தரைப் பக்கத்து ஒழுங்கைகளில் முக்கால் மணி நேரம் தேடினேன்.

வீட்டுக்காரர் சிவபாலன் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக்காரர். நடந்ததைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். "தம்பி, இடம் வலம் எல்லாம் நீர் எந்தப் பக்கம் பாத்துக்கொண்டு நிக்கிறீர் எண்டதைப் பொறுத்தது. கடல் எங்கயாவது எழும்பி ஓடுமே?"

துறையூரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்குத் தெரியும், நமக்கு வழி சொல்வதென்றால் பஸ் ஸ்டாண்டிலிருந்துதான் தொடங்குவோம். இங்கே வந்து இன்றோடு நானூற்றுப் பதினேழு நாள். தினமும் டைரி எழுதுகிற பழக்கம் எனக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே உண்டு. அந்த டைரியில் முதல் நூறு நாளைப் புரட்டினால் பாதிப் பக்கங்களில் கடல்தான். மாலையில் ரயில் தண்டவாளத்தைத் தாண்டிப் பாறைமேல் நின்று, இந்தத் தண்ணீருக்கு அந்தப் பக்கம் நம் ஊர் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

நான் வந்தது ஒரு ஆவணக் காப்பு நிறுவனத்துக்கு. புதுக்கடை நீதிமன்றங்களுக்கு இரண்டு தெரு தள்ளி அதன் அலுவலகம். வழக்கறிஞர்களின் பழைய உறுதிகள், அதாவது நம் ஊர்ப் பத்திரங்கள், தேயிலைத் தோட்டங்களின் பேரேடுகள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து பாதுகாக்கும் நிறுவனம் அது. அங்கே ஒரு ஸ்டோரேஜ் ஏரியா நெட்வொர்க் கட்டிப் பராமரிப்பது என் வேலை. எளிதாகச் சொன்னால், டிஸ்க்குகள் எல்லாம் ஓர் அறையில் ஒரே பெட்டியில் இருக்கும், சர்வர்கள் வேறு அறையில் இருக்கும். நடுவே முடியளவு கண்ணாடி இழை, அதற்குள் ஓடும் ஒளி. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் டிஸ்க்கைத் தன் வயிற்றுக்குள்ளேயே இருப்பதாக சர்வர் நம்பும். இதில் பதினாறு வருடம் வேலை பார்த்தும் எனக்கு வியப்பு அடங்கவில்லை.

துறையூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் இருந்த காலத்தில், ஒருவர் பழுதாகிப்போன டிஸ்க் ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். மகள் கல்யாணப் படம் முழுவதும் அதில்தான். மூன்று நாள் போராடியும் ஒரு படம் வரவில்லை. அவர் அதே துண்டில் சுற்றிக்கொண்டு போனார். எந்தப் பொருளுக்கும் இரண்டு வழி வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்குத்தான் எனக்குள் புகுந்தது. எங்கள் தொழிலின் முதல் விதியும் அதுவே: ஒவ்வொரு சர்வரிலிருந்தும் டிஸ்க் பெட்டிக்கு ஒன்றையொன்று தொடாத இரண்டு பாதைகள், இரண்டு தனித்தனி சுவிட்ச்கள். ஒன்று அறுந்தாலும் மற்றது தாங்கும். வழக்கமாக அவற்றை ஏ, பி என்பார்கள். நான் கடல் பக்கம், தரைப் பக்கம் என்று பெயர் எழுதி ஒட்டினேன். கடல் பக்கத்துக்கு நீல கேபிள், தரைப் பக்கத்துக்கு ஆரஞ்சு.

கூட வேலை பார்ப்பவர் புஷ்பராணி. ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர், கொட்டாஞ்சேனையில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். அவர் தமிழ் என் தமிழுக்குப் பக்கத்தில் இருக்கும், நடுவே சிங்களம் வந்து விழும். முதல் நாள் ஒரு சர்வரின் ஃபைபர் கார்டைக் கையில் கொடுத்து, அதில் அச்சிட்டிருந்த பதினாறு எழுத்துகளைக் காட்டினேன். அதன் ஒவ்வொரு துளைக்கும் தொழிற்சாலையிலேயே வைத்த பெயர், உலகத்தில் வேறெதற்கும் அந்தப் பெயர் இராது என்றேன்.

"பாருங்கண்ணே," என்றார். "இந்த ஓட்டைக்குப் பொறந்த பதிவு இருக்கு. எங்க அம்மாவுக்கு இல்ல."

அவர் அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. ஒரே தம்பி, பல வருடங்களுக்கு முன் தோட்டத்துக் குடும்பங்களை இரு நாடுகளுக்கும் பிரித்தபோது கப்பலேறி இந்தியாவுக்குப் போனவர், கோத்தகிரியில் இருக்கிறார். அன்றைக்குப் பிறகு அக்காவும் தம்பியும் நேரில் பார்த்ததில்லை. போகப் பாஸ்போர்ட் வேண்டும், பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அம்மா பிறந்ததற்கு உள்ள ஒரே எழுத்து தோட்டத்துப் பேரேட்டில் ஒரு வரி. அதை ஸ்கேன் செய்த அடுத்த மழையில் தோட்டத்து ஆபீஸ் கூரை ஒழுகி, பேரேடு கூழாகிவிட்டது. எங்களிடம் இருக்கும் படம்தான் மிச்சம். புதிய அமைப்பைக் கையளித்த பிறகுதான் அத்தாட்சிப் பிரதி தருவோம் என்று நிறுவனம் சொல்லியிருந்தது.

பழைய டிஸ்க் பெட்டியிலிருந்து எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றினோம். மாற்றி முடித்த மறுவாரம் பழைய பெட்டி உயிரை விட்டது. இனி நகல் எடுத்து வைப்பதற்கென்று ஒரு புதிய சர்வரை இணைக்க வேண்டும். அதை இணைக்கும் வரை உலகத்தில் ஒரே ஒரு பிரதிதான். அதை இணைக்க உட்கார்ந்தது டைரியில் முன்னூற்று எண்பத்தொன்பதாம் நாள், வியாழக்கிழமை, காலை பத்து மணி.

பேரேட்டு சர்வர் எந்த டிஸ்க்கைப் பார்க்கலாம் என்று பாதைக்கு ஒரு வரியாக எழுதிய பதிவை அப்படியே நகலெடுத்து, அதில் புதிய சர்வரின் பெயர்களைப் போட்டு, அதற்கென்று ஒதுக்கிய வெற்று டிஸ்க்குக்கு மாற்றுவது என் முறை. கடல் பக்கத்து வரியைத் திருத்தினேன், ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்தேன். திரையில் இரண்டு டிஸ்க்குகள் தெரிந்தன. ஒரே டிஸ்க் இரண்டு பாதையாகத் தெரியும்போது, அவற்றை ஒன்றாக்கும் மென்பொருளை இயக்கும் வரை இரண்டாகத்தான் காட்டும். அதனால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. "இந்த டிஸ்க் புதியது, தயார்ப்படுத்தவா?" என்று கீழே இருந்ததைக் காட்டி இயந்திரம் கேட்டது. தயார்ப்படுத்து என்றால் டிஸ்க்கின் தலையில் புதிதாக எழுதும், அங்கே முன்பு இருந்தது தொலையும். விரல் 'ஆம்' மேல் இருந்தது.

"ஐயோ அண்ணே, கைய எடுங்க!" என்று பக்கத்தில் இருந்த புஷ்பராணி கத்தினார்.

எடுத்தேன்.

"ஒண்ணுதானே ரெண்டா தெரியுது?" என்றேன்.

"ஒண்ணுன்னா ஒரே அளவால்ல இருக்கணும்? மேல உள்ளது எட்டு டெரா. கீழ ஆறு டெரா. அந்த ஆறு எது தெரியுமா? பேரேடு. தெனமும் அதத்தானே நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

தரைப் பக்கத்து வரியை நான் திருத்தவே இல்லை. அது பழையபடி பேரேட்டு டிஸ்க்கையே காட்டிக்கொண்டிருந்தது. கடலில்லாத ஊரில் பிறந்தவன், கடல் பக்கத்தையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். டைரியில் அன்றைய எழுத்து கோணல் மாணலாகத்தான் இருக்கிறது.

"தண்ணி குடிங்க," என்றார் புஷ்பராணி. பிறகு, "எங்கம்மாவ ரெண்டாந்தடவ பொறக்க வைக்கலாம்னு பாத்தீங்களா?" என்று சிரித்தார். சிரிக்கும்போது கண் கலங்கியிருந்தது.

வரியைத் திருத்தினோம். அவர் படித்தார், நான் சரிபார்த்தேன். பிறகு இடம் மாறி நான் படித்தேன். சனிக்கிழமை முழு நகலும் எடுத்து முடிந்தது. அதற்குப் பிறகுதான் சோதனை. பேரேட்டின் பக்கங்கள் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது, நீல கேபிளை உருவினேன். ஒரு நொடி திரை தயங்கியது போலிருந்தது. பிறகு பக்கங்கள் தம்பாட்டுக்கு ஓடின. ஒளி ஒரு வழி மூடியதை உணர்ந்து மறு வழியில் போய்க்கொண்டிருந்தது. அந்த இடத்தில் எனக்கு எப்போதும் மயிர்க்கூச்செறியும்.

"அம்மாவோட பக்கத்தத் தொறக்கவா?" என்று புஷ்பராணி கேட்டார்.

மை வெளுத்த, சாய்ந்த கையெழுத்து. பெண் குழந்தை, தகப்பன் பெயர், தாய் பெயர், லயம் என்ற வரிசை வீட்டின் எண். கடைசிக் கட்டத்தில் சொந்த ஊர். அதில் 'துறையூர் தாலுகா' என்றிருந்தது. நான் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்தேன். பிறந்து சில நாளான குழந்தை, தோட்டத்து மலையைத் தவிர எதையும் பார்த்திராத குழந்தை, அதற்குச் சொந்த ஊர் என் ஊர்.

"உங்க ஊருதானே? வந்த அன்னைக்கே தெரியும் எனக்கு," என்றார்.

"ஏன் சொல்லல?"

"சொல்லி? நீங்க சொந்தம் கொண்டாடிட்டு வந்தா, வெத்தல பாக்கு யாரு வைக்கிறது?" பிறகு மெதுவாக, "எப்படிண்ணே இருக்கும் அந்த ஊரு?" என்று கேட்டார்.

ஏரியைச் சொன்னேன், பஸ் ஸ்டாண்டைச் சொன்னேன், தெருவில் நின்றால் பச்சைமலை தெரியும் என்றேன்.

"அங்கயும் மலதானா!" என்று அலுத்துக்கொண்டார்.

புதிய அமைப்பைக் கையளித்த அன்று, முத்திரை குத்திய பிரதியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதை இன்னொரு உறையில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். ஒன்றுக்கு இரண்டு. வாசலில் பஸ்ஸுக்கு நின்றபோது, மாலையில் கடலைப் பார்த்து ஊரை நினைக்கும் என் வழக்கத்தைச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வெள்ளவத்தைக் கடலயா? அது மேற்காலண்ணே. அந்தப் பக்கம் போனா ஆப்பிரிக்கா வரும். துறையூரு வடக்க. எங்க கொட்டாஞ்சேனப் பக்கம்."

வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. நானூறு நாளாகத் தேதி போட்டுத் தப்பாக எழுதியிருக்கிறேன்.

பிரதி இப்போது பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை. நேற்று மாலை த்ரீவீல் ஓட்டுநர் கேட்டபோது, யோசிக்காமலே "முஹுது பெத்த" என்று என் வாய் சொன்னது. இறங்கிப் பாறைக்குப் போனேன். முகம் பழக்கப்படி கடலையே பார்த்து நின்றது. வடக்கே போகும் ரயில் இடது தோளுக்குப் பின்னால் வந்து வலது பக்கம் கடந்தது. கழுத்தை மட்டும் அது போன பக்கம் திருப்பினேன். கால்கள் கடலைப் பார்த்தபடியே இருந்தன.