கிறேஸி டீச்சரின் அன்னாசி ஒயின்

கிறேஸி டீச்சர் இறந்த செய்தி காலையில் தொலைபேசியில் வந்தது. பேசியவர் அவருடைய தம்பி செல்வின். "டீச்சரே, அக்கா போயிட்டா" என்றார். எனக்கு அழுகை வருவதற்குள் அடுத்ததையும் சொல்லிவிட்டார். "போதகரு வாறதுக்கு முன்ன அந்த ஒயின் சாடிய உங்க வீட்டுக்கு மாத்தணும். ஆளுவ கண்டா நாணக்கேடாக்கும்."

சரி என்றேன். டீச்சரை அறிந்த உங்களிடம் அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

பாறசாலைப் பக்கம் ஒரே பள்ளியில் அவர் வேதியியலும் நான் தமிழும் நடத்தினோம். கிறிஸ்துமஸ் வந்தால் எங்கள் சபையில் பல வீடுகளில் ஒயின் உண்டு. எல்லோரும் புட்டியைச் செய்தித்தாளில் சுற்றித்தான் வெளியே எடுப்போம். டீச்சர் மட்டும் வெள்ளறடை பஸ்ஸில் புட்டியை எதிலும் சுற்றாமல் கையில் பிடித்துக்கொண்டு வருவார். ஒருமுறை நான் முந்தானையால் மறைக்கப் போனபோது சிரித்தார். "வருஷத்துக்கு ஒரு கிளாஸ். அதையும் ஒளிச்சுக் குடிச்சா நான் குடிகாரியாக்கும்."

அன்னாசி ஒயின் லேசில் தெளியாது. டீச்சர் அதில் பால் விடாத கட்டன் சாயா கொஞ்சம் சேர்ப்பார். பிறகு வெந்நீரில் கரைத்த ஜெலட்டினைச் சாடியின் ஓரமாக இறக்கி, நுரை எழாமல் மெல்லக் கலக்கி மூடிவிடுவார். கலங்கல் எல்லாம் திரண்டு அடியில் படியும்வரை யாரும் சாடியைத் தொடக்கூடாது. படிந்தபின் மெல்லிய குழாய் வைத்துத் தெளிவை மட்டும் புட்டிகளில் இறக்குவார். குழாயின் நுனி புட்டியின் அடியிலேயே இருக்கும். ஒரு சொட்டும் மேலிருந்து விழாது. மணம் பார்க்கலாமே என்று நான் மூடியில் கை வைத்ததும் தட்டிவிட்டார். "நமக்குக் காற்று வேணும் டீச்சரே. இதுக்கு ஆகாது. காற்று பட்டா நிறமும் போவும், ருசியும் போவும்."

இத்தனையும் எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று என்ன செய்தேன்? கழுத்துவரை நிரம்பிய சாடி தூக்கக் கனத்தது. செல்வினும் நானும் பாதியைக் குடத்தில் கொட்டினோம். அடியில் படிந்திருந்ததெல்லாம் புகையாக எழுந்து வந்தது. டீச்சர் உள்ளறையில் கிடக்க, நான் ஆட்டோவில் குடத்தைக் காலடியிலும் சாடியை மடியிலும் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டு, ஒவ்வொரு குழியிலும் அது குலுங்குவதைக் கேட்டுக்கொண்டே வீட்டுக்குப் போனேன். குடத்திலிருந்ததைத் திரும்பச் சாடியில் கொட்டி, கை கழுவி, துக்க வீட்டுக்கு ஓடினேன்.

போதகர் சபைக்குப் புதியவர். ஜெபம் முடிந்ததும் எங்களிடம் வந்து தணிந்த குரலில் கேட்டார். "டீச்சர் ஒரு ஒயின் சாடியப் பத்திச் சொல்லியிருந்தாங்க. தெளிஞ்ச பிறகு வந்து பாருங்கண்ணு கூப்பிட்டிருந்தாங்க. தெளிஞ்சுதா?"

செல்வின் என்னைப் பார்த்தார். நான் சவப்பெட்டியில் இருந்த பூக்களைச் சரிசெய்தேன். சரியாக இருந்த பூக்களைத்தான். டீச்சரின் முகம் பக்கத்தில் இருந்தது. அதைப் பார்க்க எனக்கு முகம் இல்லை. உயிரோடு இருந்தவரை அவர் ஒளிக்காத ஒன்றை, அவர் கண் மூடிய அன்றே ஒளித்துவிட்டோம். நல்ல பேரைக் காப்பாற்றுகிறோம் என்று நினைப்பு வேறு.

சாடி இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. கலங்கல் திரும்பவும் அடங்கிவிட்டது. பார்வைக்குத் தெளிவுதான். ஆனால் பொன்நிறம் போய்ச் சாயாவின் நிறமாகிவிட்டது. நாக்கில் வைத்தால் புளிக்கிறது. கொட்டிவிடச் சொல்கிறார்கள் வீட்டில். நான் அதை முன்னறையில், வருபவர் கண்ணில் முதலில் படும் இடத்தில் வைத்திருக்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். என்ன இது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: "ஒயினாக்கும். செய்தது கிறேஸி டீச்சர். கெடுத்தது நான்."