இடது பக்கம் போக வலது பக்கம்

தட்டிப் பார்க்காமல் எங்கள் நைனா எதையும் வாங்க மாட்டார். பானை, கதவு, தர்பூசணி எல்லாவற்றுக்கும் ஒரே பரிசோதனைதான். மீன்பிடிக்கிற ஆள். படகு வாங்கும்போது பலகையைத் தட்டிக் காதை வைத்துக் கேட்கிற பழக்கம், கரையில் இருக்கும்போதும் கையை விட்டுப் போகவில்லை. என் அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்களின் ஸ்கூட்டரைக்கூடத் தட்டிவிட்டு, "உள்ள துரு ஏறிக்கிதுபா" என்று சொல்லி, கூடிவந்த சம்பந்தத்தைக் கிட்டத்தட்டக் கெடுத்த ஆள். அப்பேர்ப்பட்டவர் பொன்னேரிக்கு டிராக்டர் வாங்கப் போனால் எப்படி இருந்திருக்கும்!

பழவேற்காட்டுக்கு வெளியே, ஏரிக்கரைக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி, அம்மாவுக்குத் தாய்வீட்டு வழியில் வந்த மணல் நிலம் சிறிது இருந்தது. நைனா அதில் கால் வைத்ததே கிடையாது. "தண்ணி என் பாடு, மண்ணு உன் பாடு" என்பார். எங்கள் ஊரில் பாடு என்றால், ஏரியில் யார் எங்கே வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொடுப்பது. ஒருத்தர் பாட்டில் இன்னொருத்தர் மூக்கை நுழைக்கக் கூடாது. மனுஷர் குடும்பத்தையும் அப்படியே பிரித்து வைத்திருந்தார்.

மணலில் ஈரம் நிற்காது. மழை விட்ட கையோடு உழுது விதைத்தால்தான் உண்டு. வாடகை டிராக்டர்காரரோ பெரிய நிலமெல்லாம் முடித்துவிட்டு, எல்லாம் காய்ந்த பிறகு ஆடி அசைந்து வருவார். போன போகம் விதைத்த வேர்க்கடலை மண்ணுக்குள்ளேயே வறுகடலை ஆனது. பக்கத்து நிலத்தில் இறால் குட்டை வெட்டியிருந்தவர் இதையும் குத்தகைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தார். இந்தப் போகமும் கெட்டால் கொடுத்துவிடலாம் என்று நைனா சொன்ன அன்றைக்கு அம்மா சோற்றைத் தொடவில்லை. ஒரு தடவை உப்புத்தண்ணீர் ஏறிவிட்டால் அப்புறம் அந்த மண்ணில் புல்கூட முளைக்காது என்பது அவளுக்குத் தெரியும். மறுநாள் காலையில் நைனாவே தலையைச் சொறிந்துகொண்டு, "சின்னதா ஒரு டிராக்டர் பாக்கலாமா?" என்றார்.

"மிஷினு எனக்கு இன்னா தெரியும்? நீங்கதான் பாக்கணும்" என்றாள் அம்மா. நைனாவுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

பொன்னேரிக்கு அம்மா, நைனா, நான், மாமா எல்லோரும் போனோம். மாமா அம்மாவின் தம்பி. காட்டுப்பள்ளி துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்ததால், சக்கரம் வைத்த சகலமும் தனக்கு அத்துப்படி என்பது அவர் எண்ணம். வாங்கினால் பெரிசாக வாங்க வேண்டும், ஊருக்கே வாடகைக்கு விடலாம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். கடைக்காரப் பையன் குதிரைசக்தியைப் பற்றி மூச்சு விடாமல் பேசினான். நைனா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஒவ்வொரு வண்டியையும் சுற்றிச் சுற்றித் தட்டினார், இன்ஜின் மேல் காதை வைத்தார். பிறகு, "காத்து அடிச்சா எந்தப் பக்கம் சாயும்?" என்று கேட்டார். பையன் பாவம், மாமாவைப் பார்த்தான். மாமா சுவரைப் பார்த்தார்.

கடைசியில் நைனா கைவைத்தது இருப்பதிலேயே குட்டியான ஒன்றில். மாமாவுக்கு முகம் சுருங்கிப்போனது. "இன்னா மாமா, பொம்மை மாதிரி கீது!"

"மச்சான், படகு வாங்கறவன் கடலைப் பாக்க மாட்டான். மொகத்துவாரத்தைப் பாப்பான். வெளிய போவ முடியாத படகு எதுக்கு? நம்ம நெலத்துக்குப் போற சந்துல இது ஒண்ணுதான் நொழையும்."

அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். கால் வைக்காத நிலத்தின் சந்து எவ்வளவு அகலம் என்று இவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்திருப்பாள் போல.

வண்டி வந்த வாரமே மழை கொட்டியது. விடிந்ததும் மஞ்சள் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பினோம். ஓட்டச் சொல்லித்தருகிறேன் என்று வந்த மாமாவை நைனா ஒரே வார்த்தையில் விரட்டிவிட்டார். "புயல் காத்துலயே படகு திருப்பற ஆளுக்கு நீ சொல்லித்தரப்போறியா?"

சந்தில் வண்டி ஜம்மென்று போனது. நிலத்தின் கோடியில் திரும்புகிற இடத்தில்தான் குட்டு உடைந்தது. எங்கள் படகு இன்ஜினுக்குப் பின்னால் நீளமாக ஒரு பிடி இருக்கும். அதை வலது பக்கம் தள்ளினால் படகு இடது பக்கம் திரும்பும். ஆயுசுக்கும் அதையே செய்த கை, ஸ்டீயரிங்கையும் அப்படியே திருப்பியது. இடது பக்கம் போக வேண்டிய வண்டி வலது பக்கம் பாய்ந்தது. பிரேக்கை மிதிக்க வேண்டாமோ? படகில் ஏது பிரேக்! இன்ஜினை அணைத்துவிட்டு, அது தானாக நிற்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வண்டி வேலியைத் தாண்டி இறால் குட்டையின் கரையில் முன்சக்கரத்தை ஏற்றிக்கொண்டு நின்றது.

குட்டைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கடல்ல போறவனுக்குக் கழனி இன்னாத்துக்குபா? எங்கிட்ட குடுத்துட்டு நிம்மதியா போ!"

நைனா இறங்கினார். முகம் செத்துப்போயிருந்தது. "வெயில் ஏறுது. ஈரம் போயிரும். மச்சானே ஓட்டட்டும்" என்றார். மாமா ஏற்கனவே சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார்.

"நீ போடா" என்று அம்மா தம்பியைத் தள்ளினாள். "அவரே ஓட்டட்டும்."

"அக்கா, வெதை வீணாப்போயிரும். அப்புறம் நெலமே போயிரும்."

"போனா போவட்டும்."

அந்த நிலத்துக்காகச் சோறு தின்னாமல் கிடந்தவள் சொன்ன வார்த்தை இது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நைனா ஒரு நொடி அவளையே பார்த்துவிட்டு மறுபடி ஏறினார்.

படகு முனையில் நின்று வழி சொல்கிறவளைப் போல நான் கூடவே ஓடிக் கத்தினேன். இவர் எப்படியும் தப்பாகத்தானே திருப்புவார் என்று புத்திசாலித்தனமாக நான் தலைகீழாகச் சொல்ல ஆரம்பித்தேன். அவரோ அதற்குள் மனசுக்குள் பாடம் படித்துத் திருந்தத் தொடங்கியிருந்தார். நான் மாற்றியதை அவர் மாற்ற, அவர் மாற்றியதை நான் மாற்ற, வண்டி குடித்தவன் மாதிரி போனது. அம்மா கலப்பைக்குப் பின்னாலேயே வளைந்து வளைந்து நடந்து விதை போட்டாள். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஈரம் காய்வதற்குள் எப்படியோ முடித்துவிட்டோம்.

வேர்க்கடலை முளைத்தது, அலை அலையாக! சாலையில் போன பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். "மாமா கடலை விட்டுட்டுக் கடலைக்கு வந்தாரு, அலையையும் கூடவே கூட்டினு வந்துட்டாரு" என்று மாமா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். பள்ளிக்கூடத்தில் எனக்கு மானமே போயிற்று. அம்மாவோ தினம் சாயங்காலம் வரப்பில் நின்று அந்தக் கோணலைப் பார்த்துவிட்டு வருவாள். காய் நன்றாகவே பிடித்தது.

அறுவடை முடிந்து கொஞ்ச நாளில் குட்டைக்காரர் மறுபடி வீட்டுக்கு வந்தார். நைனா வாசலில் உட்கார்ந்து வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். குத்தகை விஷயம் என்று அவர் வாயைத் திறந்ததும், அம்மா உள்ளேயிருந்து வருவதற்குள், நைனா தலையை நிமிர்த்தாமலேயே சொன்னார்: "எங்க நெலத்தை நாங்க குடுக்கறதா இல்லபா."

அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அப்படியே திரும்பி உள்ளே போனாள்.

அன்றைக்கு மடவை மீன் குழம்பு. மீன் தலை எப்போதும் எனக்குத்தான், வீட்டில் எழுதாத சட்டம் அது. அம்மா அதை எடுத்து நைனா தட்டில் வைத்தாள். நான் ஊரைக் கூட்டி அழுதேன். அவர் அன்றைக்கு மீனும் அதிகம் பிடிக்கவில்லை, வேறு பெரிய காரியமும் எதுவும் செய்யவில்லை. வாசலில் உட்கார்ந்த இடத்தில் "எங்க" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அதற்குப் போய் யாராவது மீன் தலையைக் கொடுப்பார்களா!