உலு திராமில் நின்று நின்று ஓடிய கார்

உலு திராமில் கார் நின்றுபோனால், பக்கத்து வீட்டு மலாய்க்காரர் பாக் சாலே வேலியோரம் வந்து கேட்கும் முதல் கேள்வி, "சுடா மாக்கான்?" சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். திருச்சியிலிருந்து மகள் வீட்டுக்கு வந்த புதிதில் அதை உண்மையான விசாரிப்பு என்று நம்பி, "இன்னும் இல்லை" என்று உண்மையைச் சொன்னேன். சற்று நேரத்தில் வாழையிலைப் பொட்டலத்தில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, வந்தது. அது வெறும் வணக்கம்தான் என்று மாப்பிள்ளை விளக்கியபோது பாதிப் பொட்டலம் காலி. திருச்சியில் வண்டி நின்றால் யாரும் பசியைக் கேட்பதில்லை. ஐந்து பேர் கூடி ஆறு காரணம் சொல்வார்கள்.

போன சனிக்கிழமை நான் பானெட்டைத் திறந்து நின்றதற்குக் காரணம், மாலையில் காரை எடுத்துப்போக வரவிருந்த பழைய இரும்புக்காரரின் லாரி. மாப்பிள்ளை புதுக் கார் வாங்கியபோது எங்களுக்கு விட்டுக்கொடுத்த பழைய கார் இது. அவரும் என் மகளும் விடிவதற்குள் எல்லை தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்குப் போய்விடுவார்கள். நானும் மனைவியும் யாருடைய விடுமுறைக்கும் காத்திராமல் கோயிலுக்கும் குளுவாங் சந்தைக்கும் போவது இதில்தான். இது போனால் நாங்கள் வீட்டில் வைத்த இரண்டு பார்சல்கள்.

"மாமா, கெழட்டுக் காடி லா இது. ஸ்டார்ட் ஆவுது, கொஞ்ச நேரத்துல நிக்குது. நடுரோட்டுல நின்னா என்னா செய்வீங்க? லோரி வந்தா குடுத்துருவோம்."

"லாரி வரும்வரைக்கும் இது என் வண்டி, மாப்பிள்ளை."

அரசுப் பேருந்துப் பணிமனையில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். முறைப்படி போனேன். பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பொறி நீலமாக, பளிச்சென்று இருந்தது. காற்று வடிகட்டி சுத்தம். பெட்ரோல் வடிகட்டியைப் புதிதாக மாற்றினேன். எஞ்சின் அழகாகக் கிளம்பியது, சில நிமிடம் பாடியது, இருமியது, நின்றது. சிறிது நேரம் விட்டுச் சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடக்காததுபோல மறுபடி பாடியது. பாக் சாலே ஒவ்வொரு முறையும் மரியாதையாகத் தலையாட்டினார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, அவர் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

நின்றால் ஓய்வு கேட்கிறது, ஓய்ந்தால் ஓடுகிறது. அப்படியானால் பெட்ரோல் வருகிறது, ஆனால் தொடர்ந்து வரவில்லை. டாங்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க மூடியைத் திருகினேன். 'புஸ்' என்று காற்றை உள்ளே உறிஞ்சியது டாங்க். மூடியைத் திறந்தே வைத்துக் கிளப்பினேன், நிற்கவே இல்லை. மூடினேன், நின்றது. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று நுழைவதற்காக மூடியில் ஒரு சின்னத் துளை உண்டு. அந்தத் துளைக்கு மேல் காய்ந்துபோன சந்தனம், நடுவில் குங்குமம்.

ஆயுத பூஜைக்கு எங்கள் பணிமனையிலும் பேருந்துகளுக்குச் சந்தனம் வைப்போம். அங்கே ஓட்டுநர்கள் முன்கண்ணாடியில் அப்பியதோடு திருப்தி அடைந்தார்கள். என் மனைவி எதையும் அரைகுறையாக விடாதவள்.

"மூடிக்கு எதுக்குடி பொட்டு?"

"அதுதானே அது சாப்பிடுற வாய்? வாயை விட்டுட்டுப் பூஜை பண்ணா நல்லாவா இருக்கும்? நாலு நாளா ஸ்பேனரோட நிக்கிறீங்களே, ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டீங்களா?"

கேட்டிருக்கலாம். பூஜைக்கு மறுநாள்தான் கோளாறு தொடங்கியது. எந்தக் கையேட்டிலும் 'மனைவியை விசாரிக்கவும்' என்று ஒரு வரி இல்லை.

ஊசியால் துளையைச் சுத்தம் செய்தேன். லாரி வந்தபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டிவந்த சீனர் இறங்கிக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்தார். "இன்ஜின் பாகுஸ் லா, பாஸ். ஏன் கூப்பிட்டே?" நல்லாத்தானே இருக்கு என்கிறார். மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். "அலமாக்! சரி மாமா, நீங்களே வெச்சுக்குங்க. நாளைக்கு எங்களையும் குளுவாங் கூட்டிட்டுப் போங்க." லாரி வெறுமையாகத் திரும்பியது.

ஓட்டிப் பார்க்க மனைவியோடு கிளம்பினேன். முதல் சிவப்பு விளக்கில் நின்றோம். எஞ்சின் நிற்கவில்லை, நிதானமாக உறுமிக்கொண்டிருந்தது. அந்த அதிர்வில், கார்ச் சாவியோடு ஒரே வளையத்தில் கிடக்கும் திருச்சி வீட்டுச் சாவி 'டிக் டிக்' என்று தட்டத் தொடங்கியது. "கழட்டி வெச்சிரலாமா?" என்றாள். பச்சை விழுந்தது. "இருக்கட்டும்" என்று கியரைப் போட்டேன்.