ஊமை கண்ட ஆட்டம்

கூடைப்பந்து லீக் அந்த நகரத்துக்கு வந்த நாளிலிருந்து, உள்ளூர் அணியின் அறிவிப்பாளர் அவர்தான். பகலில் பெயின்ட் கடையில் வண்ணம் கலப்பார். யாராவது ஒரு துண்டுத் துணியை நீட்டி "இதே நிறம் வேணும்" என்றால், சாயம் சொட்டும் இயந்திரத்தின் முன்னால் நின்று ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொள்வார். ஆட்டம் உள்ள மாலைகளில் கடையிலிருந்து நேராக அரங்கத்துக்குப் போய், களத்தை ஒட்டிய மேஜையில் மைக்கைப் பிடிப்பார். அதன்பிறகு ஆளே வேறு. வீரர்களின் பெயரை அவர் இழுக்கிற இழுப்பில் கூரைத் தகடு அதிரும் என்பார்கள். 'வெண்கலம்' என்று பட்டப்பெயர். அந்தப் பெயர் அவருக்கு உள்ளூரப் பிடித்திருந்தது. பிடிக்காத மாதிரி காட்டிக்கொள்வார்.

மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். கண் பரிசோதிக்கும் இருட்டறையில், நாற்காலியில் சாய்ந்தவர்களிடம் "இது தெளிவா இருக்கா? இதுக்கு முன்னால போட்டது தெளிவா இருந்துச்சா?" என்று நாள் முழுக்கக் கேட்பவள். பஞ்சு மாதிரிக் குரல். வீட்டுக்கு வந்து அவர் ஆட்டத்தை முதலிலிருந்து நடத்திக் காட்டும்போது, காய் நறுக்கியபடி "ம்" கொட்டுவாள். இடிக்கும் தூறலுக்கும் முடிச்சுப் போட்டிருக்கிறது என்று உறவில் கேலி பேசுவார்கள்.

அந்த சீசனில் யாரும் எதிர்பாராதது நடந்தது. போன முறை கடைசி இடத்தில் கிடந்த அணி ஜெயிக்கத் தொடங்கியது. 'ஏணி' என்று எல்லோரும் கூப்பிடும் நெட்டைக்காரன் ஒருவன் புதிதாக வந்திருந்தான். அவன் கையில் பந்து போனால் அரங்கமே எழுந்து நிற்கும். ஒரு மாலை ஆட்டம் சமனாகி, கூடுதல் நேரத்துக்குப் போய், கடைசி நொடியில் ஏணி எறிந்த பந்து வலைக்குள் விழுந்தது. பெயரைச் சொல்ல வெண்கலம் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

மறுநாள் டாக்டர் தொண்டைக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

"குரல் நாண்ல வீக்கம் சார். சீசன் முடியற வரைக்கும் பேச்சே கூடாது. கிசுகிசுன்னு பேசறது அதைவிட மோசம்."

"சாப்பிட வாயத் திறக்கலாமா டாக்டர்?" என்று மனைவி கேட்டாள். டாக்டர் சிரித்துவிட்டார். இவருக்குச் சிரிக்கவும் அனுமதி இல்லை.

அடுத்த ஆட்டத்துக்கு, விழாக்களில் மேடைப் பேச்சாளராகப் போகிற ஒருவரை அணி மேலாளர் ஏற்பாடு செய்திருந்தார். அந்த மனிதர் போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டார். வெண்கலம் பழக்கதோஷத்தில் தன் மேஜையில் வந்து உட்கார்ந்திருந்தார், துணைக்கு மனைவியும். மேலாளர் வியர்த்து வழிய ஓடிவந்தார்.

"அண்ணி, பேரை மட்டும் வாசிச்சுடுங்க. அவர் வந்ததும் கொடுத்துடலாம்."

"எனக்குக் கத்த வராதுங்களே."

"மைக்கு கத்திக்கும் அண்ணி."

அவள் கணவரைப் பார்த்தாள். கொஞ்ச நேரம்தானே என்று அவர் தலையாட்டினார்.

அவள் வாசித்தாள். அந்த இருட்டறைக் குரலிலேயே வாசித்தாள். சலசலத்துக் கொண்டிருந்த கூட்டம் யார் பேசுவது என்று திரும்பியது. பிறகு, கேட்க வேண்டுமே என்பதற்காக அடங்கியது. ஏணி முதல் கூடை போட்டபோது அவன் பெயரைச் சொல்லி, ஒரு மூச்சு விட்டு, "ரெண்டு புள்ளி" என்றாள். நல்ல சேதியை ஒருவர் காதோரம் சொல்வது போல இருந்தது. அதைக் கேட்டபிறகுதான் கூட்டம் வெடித்தது. பாதி ஆட்டத்தில் வந்து சேர்ந்த மேடைப் பேச்சாளரை, மேலாளர் டீ கொடுத்து உட்காரவைத்தார்.

அதோடு மைக் அவளிடம் நின்றுவிட்டது.

வெண்கலத்துக்கு முதலில் வயிறு எரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, இழு, ஏற்று, நிறுத்து என்று கையாலேயே வாத்தியார் வேலை பார்த்தார். அவள் தலையை ஆட்டிவிட்டுத் தன் போக்கில் சொன்னாள். பெயின்ட் கடையில் ஒருவர் வெள்ளை டப்பாவைத் தூக்கியபடி, "ஆட்டத்துல இப்ப பேசறாங்களே, அந்த அம்மா குரலக் கேட்டா நெனவா கனவான்னு தெரியலைங்க" என்றார். அவளுடைய கணவரிடம்தான் சொல்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது. இவர் டப்பா மூடியைத் தேவைக்கு மேலே நாலு தட்டு தட்டி மூடினார்.

அன்று மாலை கோபித்துக்கொண்டு மேஜைக்குப் போகாமல், மேலே கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். அங்கேதான் அது நடந்தது. இத்தனை காலம் ஆட்டத்தின் மேல் தன் குரலைப் போர்த்தியே பார்த்தவருக்கு, இப்போது போர்வை விலகியது. மரத்தளத்தில் காலணிகள் கீச்சிடுவது விடிகாலைப் பறவைகள் போலக் கேட்டது. பந்து தட்டும் ஓசை நெஞ்சுக்குள்ளேயே விழுந்தது. எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் தங்கும்போது ஆயிரம் பேர் மூச்சை இழுப்பது, இலைகளுக்குள் காற்று புகுவது மாதிரி இருந்தது. வலை உரசும் சத்தம், பட்டுத் துணியை மடிப்பது போல. இவ்வளவுக்கும் நடுவில், எங்கிருந்தோ, தன் மனைவியின் குரல். இருட்டில் யாரோ கையைப் பிடித்து அடுத்த படியைக் காட்டுவது போல. ஆட்டம் முடிந்து எழுந்து நின்றபோது, அதுவரை மிதந்துகொண்டிருந்ததாகவே அவருக்குப் பட்டது.

யாரிடமாவது சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? ஊமை கண்ட கனவு என்பது சரியாகத்தான் இருக்கிறது. வீட்டுக்கு நடக்கையில் அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டார். அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள், விடுவித்துக்கொள்ளவில்லை.

அணி அரையிறுதிவரை போனது. அங்கே ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. யாரும் மறிக்காமல் எறியக் கிடைத்த கடைசி ஃப்ரீ த்ரோவை ஏணி தவறவிட்டான். அரங்கம் உறைந்து கிடந்தபோது அவள் மைக்கில், "இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தீங்க. நன்றி" என்றாள். குனிந்திருந்த ஏணி நிமிர்ந்து அந்த மேஜையைப் பார்த்தான். பிறகு கூட்டம் நின்று கைதட்டியது. வீரர்கள் உள்ளே போகும்வரை தட்டியது.

அந்த வாரமே டாக்டர் பேசலாம் என்றார். சாப்பாட்டு மேஜையில் அவள் கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஏதாவது பேசுங்களேன்."

எத்தனையோ சேர்த்து வைத்திருந்தார். வாயைத் திறந்ததும் வந்தது இதுதான்:

"உப்பு கொஞ்சம் கம்மி."

அவள் தட்டைத் தள்ளிவைத்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவரும் சிரித்தார். குரலில் பழைய கணீர் இல்லை, ஓரம் உரசிப்போயிருந்தது. அந்தக் குரலிலேயே கடைசி வரிசையில் கேட்டதையெல்லாம் சொன்னார். காலணி, மூச்சு, வலை, எல்லாம். இந்த முறை அவள் "ம்" கொட்டவில்லை. நடுநடுவே நிறுத்திக் கேள்வி கேட்டாள்.

புது சீசனுக்கு முன்னால் மேலாளர் வீடு தேடி வந்து, தலையைச் சொறிந்தார். "அண்ணே, மைக்கு உங்களுதுதான். ஆனா ஜனங்க அண்ணியத்தான்..."

"நம்ம பசங்க பேரை அவ சொல்லட்டும்" என்றார் வெண்கலம். "வெளியூர்லேர்ந்து வர்ற பசங்க பேரை நான் சொல்றேன். பாவம், அவங்களுக்கும் யாராவது அன்பாச் சொல்லணுமில்ல."

அப்படியே ஆனது. மேஜையில் இரண்டு மைக்குகள் வந்தன. தொலைதூரத்திலிருந்து வந்த ஓர் அணியின் தலைவன், தன் பெயரை வெண்கலம் அவ்வளவு பதமாக அறிவித்ததைக் கேட்டு, சொன்னது யார் என்று களத்தின் நடுவில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தான்.