உள்ளங்கையில் ஒரு சொட்டுச் சாம்பார்

ஆதரவற்ற பிள்ளைகளுக்காக எங்கள் அறக்கட்டளை நடத்தும் இல்லத்தில் வளர்ந்த பெண் ஒருத்தி, சொந்தமாகச் சாப்பாட்டுத் தொழில் தொடங்கினாள். திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு மாடியறை பிடித்துக் கொடுத்தோம். நான் பம்புசெட் கம்பெனியில் எஞ்சினியர். இப்படித் தொழில் தொடங்கும் பிள்ளைகளுக்குச் சாமான் வாங்கித் தருவது என் ஞாயிற்றுக்கிழமைப் பொறுப்பு. பட்டியல் போட்டேன்: அடுப்பு, சிலிண்டர், மிக்சி, இரண்டு குக்கர், நாலடுக்குக் கேரியர். எதுவும் விடுபடவில்லை என்றுதான் நினைத்தேன்.

முதல் வாடிக்கை, அடுத்த தெருவில் கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீடு. மகனோடு சேர்த்து மூன்று பேர்; மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிடுபவர்கள். ஒரு வாரம் மதியச் சாப்பாடு வாங்கிப் பார்ப்பார்கள். பிடித்தால் மாதச் சாப்பாடாக எடுத்துக்கொண்டு, அந்த அம்மா தன் அலுவலகத்திலும் சொல்லுவார். அவளுக்கு வேறு ஆர்டர் எதுவும் கிடையாது.

திங்கட்கிழமை சாம்பார் உப்புக் கரித்தது. இல்லத்தில் அறுபது பேருக்குச் சமைத்துப் பழகிய கை அது. மூன்று பேருக்கு எவ்வளவு என்று அதற்குத் தெரியவில்லை. அன்று மாலையே அவளுடைய அளவுகளைக் கேட்டு, வகுத்து, தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். செவ்வாய்க்கிழமை சப்பென்று இருந்தது. சின்னப் பாத்திரத்தில் தண்ணீர் சீக்கிரம் வற்றுவதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. வற்றுவதைப் பார்த்துப் பயந்து அவள் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"ஏம்மா, நேத்து கடல் தண்ணி, இன்னிக்குக் குழாத் தண்ணியா? நாளைக்கும் இப்படின்னா வேணாம்மா" என்று சொல்லித்தான் அந்த அம்மா கேரியரைத் திருப்பிக் கொடுத்தாராம்.

புதன்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் கரண்டியைப் பிடித்தபடி சும்மா நின்றிருந்தாள்.

"உப்பு பாத்தியா?"

"அக்கா, யாரு பாக்குறது?"

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். இல்லத்துச் சமையலறை ஜன்னலில் சின்னப் பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். ஒவ்வோர் உள்ளங்கையிலும் ஒரு சொட்டு விடுவாள். நக்கிவிட்டு முகம் சுளித்தால் உப்பு அதிகம். மறுபடி கை நீட்டினால் சரி. இத்தனை வருடமும் அப்படித்தான். தன் நாக்கில் விட்டுப் பார்த்ததே இல்லை.

நான் கையை நீட்டினேன். சுடச்சுட ஒரு சொட்டு விழுந்தது. நன்றாக இருப்பதாகச் சொன்னேன்.

என் முகத்தையே பார்த்தாள். "நீங்க இதுக்கு ஆக மாட்டீகக்கா. கழுவுன தண்ணியக் குடுத்தாலும் நல்லாருக்கும்பீக. அதுக அப்படியா? 'ஏக்கா, இம்புட்டு உப்பையா கொட்டுவ?'ன்னு மானத்த வாங்கிருங்க."

"அப்ப நீயே பாரு."

"நானா?"

சிரித்தாள். பிறகு தன் உள்ளங்கையிலேயே ஒரு சொட்டு விட்டு, கண்ணை மூடிக்கொண்டு நக்கினாள்.

"உப்பு சரிதான். புளி பத்தலக்கா."

"சரியாத்தான இருக்கு?"

"எனக்குப் பத்தல."

சொல்லிவிட்டு, வேறு யாரோ பேசிவிட்டதுபோல நின்றாள். இல்லத்தில் அவளிடம் எத்தனையோ கேட்டு எழுதியிருக்கிறோம்: ரத்த வகை, துணி அளவு, மதிப்பெண், என்னவாக விருப்பம். சாம்பார் எப்படி இருந்தால் பிடிக்கும் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

புளியைக் கரைத்து ஊற்றினாள். ஒரு கொதி வந்ததும் இறக்கி, கேரியரில் நிரப்பிக்கொண்டு படியிறங்கினாள்.

சாயங்காலம் போன் வந்தது. "வாரமெல்லாம் பாக்க வேணாமாம்க்கா, மாசத்துக்கே எடுத்துக்கிறாகளாம். பையன் ரெண்டாந்தடவ சாம்பார் கேட்டானாம். ஆனா புளிப்புத் தூக்கலா இருக்காம், செத்த குறைக்கச் சொல்றாக."

"குறைச்சிருவியா?"

"அவுகளுக்குக் குறைச்சிருவேன்" என்றாள். "எனக்குத் தனியா எடுத்து வச்சு, கூடக் கொஞ்சம் புளி ஊத்திக்குவேன்."