குளியலறைக் கைப்பிடியும் என் மார்க்கர் குறியும்

குளியலறைச் சுவரில் மாட்டிய கைப்பிடி ஒரு ஆளைத் தாங்குகிறது. தகவல்: இன்று மதியம் அதைப் பிடித்துத் தொங்கியே காட்டிய சாதிக் பாய்.

முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து என் மனைவி நாளை மூலக்குளம் வீட்டுக்குத் திரும்புகிறார். ஈரத்தரையில் கால் வழுக்கினால் அவருக்குப் பிடிமானம் அது ஒன்றுதான்.

துளை போட வேண்டிய இடத்தை நானே அளந்து, மார்க்கர் பேனாவால் பெரிதாகக் குறித்து வைத்திருந்தேன். அரியாங்குப்பத்திலிருந்து பேட்டரி டிரில்லோடு வந்த பாய் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"சார், கீழ குழா இருக்கு, நேர் மேல ஷவர் இருக்கு. நடுவுல தண்ணி எந்த வழியா போவுதுன்னு நெனச்சீங்க?"

முப்பது வருடம் பத்திரிகையில் செய்தியைச் சரிபார்த்தவன், சுவரைச் சரிபார்க்கவில்லை.

அவர் ஒரு முழம் தள்ளிக் குறித்தார். பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் துளையிடும் பிட்டை மாட்டினார். எவ்வளவு ஆழம் போக வேண்டுமோ அந்த அளவில் பிட்டின் மேல் டேப் சுற்றினார். பிறகு கண்ணாடி அணிந்துகொண்டு, இடித்துத் துளைக்கும் ஹேமர் விசையைப் போடாமல் மெதுவாகச் சுற்றவிட்டார்.

"ஹேமர் போட்டா சீக்கிரம் முடிஞ்சிடுமே பாய்?"

"டைல்ஸும் சேர்ந்து முடிஞ்சிடும் சார்."

டைல்ஸைத் தாண்டிச் செங்கல் வந்த பிறகே ஹேமருக்கு மாற்றினார். அப்போதும் அழுத்தித் தள்ளவில்லை. இரண்டு கைகளாலும் நேராகப் பிடித்திருந்தார். மிஷின் தானாக உள்ளே போனது. நான்கு துளைகள் போட்டும் டைல்ஸில் ஒரு கீறல் இல்லை.

மனைவியின் கருத்து நாளை காலை பதினோரு மணிக்கு மேல் எதிர்பார்க்கப்படுகிறது.

அதற்குள் குழாய்க்கு நேர் மேலே இருக்கும் என் குறி மறைந்தாக வேண்டும். சோப்புக்கு மசியவில்லை. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.