தண்டையார்பேட்டையில் ஒரு பகல் சோறு

அறுபத்தாறாம் வருஷம், மார்ச் மாதத்து ஞாயிறு. காலை பத்து மணிக்குப் பாரிமுனையில் பஸ் ஏறினேன். தண்டையார்பேட்டைக்கு மூன்று மைல், பதினைந்து காசு. கையில் ஒரு சீப்புப் பூவன் பழம். எங்கள் ஊர் மன்னார்குடியிலிருந்து நாலு படி அரிசி கொண்டுவர ஆசைதான். அரிசிப் பஞ்சத்தில், ஜில்லா எல்லையிலேயே போலீஸார் மூட்டையைப் பிரித்துப் பிடுங்கிக்கொள்ளும் காலம் அது.

பதினொரு மணிக்கு ஆரோக்கியத்தின் வீட்டைக் கண்டுபிடித்தேன். என்னோடு பட்டாளத்தில் இருந்தவன்; இப்போது துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறான். கப்பல் கப்பலாக வரும் கோதுமை அவன் முதுகில்தான் இறங்குகிறது.

"வா மாமு! வூடு கண்டுபுடிக்க பேஜாரா பூட்ச்சா?" என்று கட்டிக்கொண்டான். உள்ளே இரண்டு மாதக் கைக்குழந்தை விடாமல் அழுதது.

"தாய்ப்பால் பத்தல. நல்லா துன்னாத்தான் ஊறும்னு நர்சம்மா சொல்லிக்கீது. ரேசன்ல மைலோதான் போடறான். அந்தக் கூழு என் வூட்டுக்காரிக்கு ஒத்துக்கல. ஞாயித்துக்கெயமை மட்டும் எப்டியாவது அரிசி வாங்கிடறேன்" என்றான்.

மைலோ என்பது கப்பலில் வரும் அமெரிக்கச் சோளம். எங்கள் ஊரில் மாட்டுக்கு வைக்கக்கூட யோசிப்போம்.

பன்னிரண்டரைக்கு அவன் மனைவி செல்வமேரி எனக்கு மட்டும் தட்டு வைத்தாள். ஆரோக்கியம் காலையிலேயே கூழ் குடித்துவிட்டானாம். "நீ சாப்பிடலையாம்மா?" என்றேன்.

"எனக்கு இன்னிக்கு ஒருசந்தி, அண்ணா. நீங்க சாப்புடுங்க."

ஒருசந்தி என்றால் தவக்காலத்து நோன்பு என்று எனக்குத் தெரியும். பிள்ளை பெற்ற உடம்போடு இப்படியொரு பக்தியா என்று பாராட்டவும் செய்தேன். காரப்பொடி என்ற பொடிமீனில் வைத்த குழம்பு நாக்கைக் கட்டிப்போட்டுவிட்டது. கூச்சமில்லாமல் மறுசோறு கேட்டேன். பானையைச் சாய்த்து வழித்துப் போட்டாள்.

மூன்று மணிக்குத் திரும்பும் பஸ். பக்கத்தில் ஜெபமாலையோடு ராயபுரத்து அம்மாள் ஒருவர். செல்வமேரியின் நோன்பைப் பற்றி அவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

"ஞாயித்துக்கெயமையிலயா?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆண்டவர் நாளாச்சே நைனா, அன்னிக்கி யாரும் ஒருசந்தி இருக்கமாட்டோமே. பால் குடுக்கறவளுக்கு எந்த நாள்லயும் அது கெடையாது."

இறங்கித் திரும்பி ஓடலாமா என்றிருந்தது. போய் என்ன சொல்வது? மானத்துக்கு அஞ்சி அவர்கள் மூடி வைத்ததை நான் திறந்து காட்டவா? எங்கள் வீட்டிலும் பெண்கள் கடைசியில்தான் சாப்பிடுகிறார்கள். ஆனால் அவர்கள் உட்காரும்போது பானையில் சோறு இருக்கும்.

நான் எழுந்திருக்கவில்லை. ஒரு பச்சைக் குழந்தையின் பாலை, மறுபடியும் கேட்டு வாங்கி, நான் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன்.